பாதி இரவில் முடியும் ரெண்டரிங்குக்கு என்ன விலை கொடுக்கலாம்?

கேள்வி: வீட்டிலிருந்தபடியே வீடியோ எடிட்டிங்கும் முப்பரிமாண அனிமேஷனும் செய்து சம்பாதிக்கிறேன். வேலை முடிந்தால் கேம் விளையாடுவேன். என்னிடம் இருப்பது 10 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3080 கிராஃபிக்ஸ் கார்டு. ஆறு கோர் கொண்ட பழைய ப்ராசஸர், 750 வாட் பவர் சப்ளை, 144 ஹெர்ட்ஸில் ஓடும் 1440பி திரை. காட்சிகளைக் கணினி கணக்கிட்டு இறுதிப் படங்களாக வரையும் அனிமேஷன் ரெண்டரிங்கை இரவில் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவேன். ஒன்பது மணி நேரம் வரை ஆகிறது. இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த பணத்தில் ஆர்டிஎக்ஸ் 5090 வாங்க நினைக்கிறேன். "அதில் பாதி விலைகூட இல்லாத 5070 டிஐ போதும், மீதியெல்லாம் பெயருக்குக் கொடுக்கும் காசு" என்கிறான் தம்பி. "உச்சத்தில் இருப்பதை வாங்கினால் ஏழெட்டு ஆண்டுகள் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்கிறார் நண்பர். அந்த விலைக்கு உண்மையிலேயே அவ்வளவு வேகம் இருக்கிறதா, இல்லை ஏமாற்றுகிறார்களா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

தம்பி சொல்வதில் பாதி சரி. நண்பர் சொல்வது பலிப்பதும் பலிக்காததும் வாங்குகிற ஆண்டைப் பொறுத்தது. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். விலைப்பட்டியலை அடுக்குகிறவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள், அவ்வளவுதான்.

அனிமேஷன், எடிட்டிங், கட்டட வடிவமைப்பு வேலைகள் செய்பவர்களுக்குக் கணினி அமைத்துக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் இருபது ஆண்டுகளாக என் தொழில். கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் "எந்தக் கார்டு நல்ல கார்டு?" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் திரை, ப்ராசஸர், பவர் சப்ளை எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். ரெண்டரிங்கை இரவில் போட்டுவிட்டுத் தூங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரிதான் இந்தக் கேள்வியில் மிக முக்கியமானது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கேம் கணக்கு. 2025-இன் தொடக்கத்தில், இந்தக் கார்டுகளைச் செய்யும் நிறுவனமான என்விடியா அறிவித்த விலைகளை எடுத்துக்கொள்வோம்: 5090-க்கு 1,999 டாலர், 5080-க்கு 999, 5070 டிஐ-க்கு 749. அறிவித்த விலைக்கு 5090 கைக்குக் கிடைப்பது அரிது என்பதை இப்போதைக்கு மறந்துவிடுவோம். 4கே திரையில் 5070 டிஐ நொடிக்கு நூறு பிரேம் (திரையில் அடுத்தடுத்து மாறும் படம்) தரும் இடத்தில் 5080 ஏறத்தாழ 115 தரும், 5090 ஏறத்தாழ 170 தரும். அதாவது 5070 டிஐ-யிலிருந்து 5080-க்கு ஏற மூன்றில் ஒரு பங்கு விலை கூடுகிறது, வேகமோ ஏழில் ஒரு பங்குதான் கூடுகிறது. 5090-க்கு ஏறினால் விலை இரண்டே முக்கால் மடங்கை நெருங்குகிறது. வேகம் இரண்டு மடங்கைக்கூடத் தொடவில்லை. பிரேமுக்கு இத்தனை டாலர் என்று வகுத்துப் பார்த்தால் தம்பி ஜெயித்துவிட்டான்.

ஆனால் இந்த வகுத்தல் கணக்கிலேயே ஒரு பொறி இருக்கிறது. பிரேமுக்கு எத்தனை டாலர் என்பது கார்டின் குணத்தைச் சொல்வதாக நினைக்கிறோம். உண்மையில் அது பக்கத்தில் என்ன விலையில் எதை வைத்தார்கள் என்பதையே சொல்கிறது. 2020-இல் 3080-இன் விலை 699 டாலர், 3090-இன் விலை 1,499. இரண்டுக்கும் 4கே திரையில் வேக வித்தியாசம் பத்து முதல் பதினைந்து சதவீதம். அன்றைக்கு உச்சக் கார்டு வாங்கியவரைப் பார்த்துச் சிரித்தார்கள்; நியாயம்தான். 2022-இல் 4090 வந்தபோது 1,599 டாலர். அதன் பக்கத்தில் நின்ற 4080-க்கு 1,199 டாலர் வைத்தார்கள். இப்போது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விலைக்கு, கிட்டத்தட்ட அதே அளவு கூடுதல் வேகம். திடீரென்று 4090 "விலைக்கு ஏற்ற சரக்கு" ஆகிவிட்டது! 4090 மலிவானதால் அல்ல, 4080-இன் விலையை ஏற்றி வைத்ததால். அந்த 4080 மந்தமாகவே விற்றது. 2024 ஜனவரியில் அதன் இடத்துக்குக் கோர்கள் (கணக்கிடும் சிறு அலகுகள்) கொஞ்சம் கூடுதலாக உள்ள 4080 சூப்பரை 999 டாலருக்குக் கொண்டுவந்தார்கள். அதே கணத்தில், தன்னிடம் எந்த மாற்றமும் இல்லாமலே, 4090 மறுபடி விலை அதிகமான கார்டு ஆனது.

இதைப் பார்த்த பிறகு "விலைக்கு ஏற்ற வேகமா" என்ற கேள்வியைப் பட்டியலுக்குள் நின்று கேட்பதையே நான் விட்டுவிட்டேன். பட்டியல் அவர்களுடையது. உங்கள் மேஜையில் இருந்து கேட்க வேண்டும்.

விலை ஏன் இந்த உயரத்துக்குப் போனது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதில் பேராசையும் இருக்கிறது, பௌதிகமும் இருக்கிறது. 5090-இன் சிப் 750 சதுர மில்லிமீட்டர். சிப்புகளை அச்சிடும் வட்டமான சிலிக்கான் தகடு 300 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. ஓரத்தில் வீணாவது போக இப்படிப்பட்ட சிப்புகள் எழுபது போலத்தான் அதில் அடங்கும். 5080-இன் சிப் 378 சதுர மில்லிமீட்டர், ஏறத்தாழப் பாதி. அது நூற்றைம்பது அடங்கும். தகட்டில் எங்காவது ஒரு நுண்ணிய பழுது விழுந்தால் பெரிய சிப் அதில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் அதிகம். ஆகவே பழுதான பகுதிகளை அணைத்துவிட்டு விற்கிறார்கள். 5090-இன் சிப்பில் முழுமையாக 24,576 கோர்கள் உண்டு. நீங்கள் வாங்கும் கார்டில் உயிரோடு இருப்பவை 21,760. உச்சக் கார்டு என்றாலும் முழுச் சிப் அல்ல என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தால் கொஞ்சம் வருத்தப்படுவார்கள்.

உங்கள் 3080-க்கு இங்கே ஒரு பெருமை உண்டு. அதில் இருப்பது 3090-இல் இருக்கும் அதே பெரிய சிப், சில பகுதிகள் அணைக்கப்பட்டது. 699 டாலருக்குப் பெரிய சிப் கிடைத்த காலம் அது. அடுத்த தலைமுறையில் இருந்து 80 என்ற எண்ணுக்குள் சிறிய சிப்பை வைத்தார்கள், விலையை மட்டும் மேலே கொண்டுபோனார்கள். பழைய ஜிடிஎக்ஸ் 1080-இலும் சிறிய சிப்தானே என்று விவரம் தெரிந்தவர்கள் மடக்குவார்கள். உண்மைதான். ஆனால் அதன் விலை 599 டாலரில் தொடங்கியது.

போட்டி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு என் நினைவில் இன்னும் பசுமையாக இருக்கும் காட்சி 2008 ஜூன் மாதம். ஜிடிஎக்ஸ் 280 என்ற கார்டை என்விடியா 649 டாலருக்கு இறக்கியது. சில நாட்களில் போட்டி நிறுவனமான ஏஎம்டி, ரேடியான் 4870 என்ற கார்டை 299 டாலருக்கு இறக்கியது. வேகத்தில் கொஞ்சம் கீழே, விலையில் பாதிக்கும் கீழே. சில வாரங்களுக்குள் 280-இன் விலை 499 ஆகிவிட்டது. அந்த 150 டாலர் எங்கே இருந்து வந்தது, சிலிக்கான் திடீரென்று மலிந்துவிட்டதா? 2025-இல் ஏஎம்டியின் உச்சக் கார்டு 599 டாலர் விலையுள்ள ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி. அது 5070 டிஐ-யோடு மோதுகிறது. அதற்கு மேலே என்விடியா தனியாக நிற்கிறது. போதாததற்கு, 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் மொத்த வருவாய் 130 பில்லியன் டாலருக்கு மேல். அதில் கேமிங் பிரிவின் பங்கு பதினொரு பில்லியன் சொச்சம். தரவு மையங்கள் வாசலில் வரிசையில் நிற்கும்போது உங்களுக்கும் எனக்கும் விலையைக் குறைக்க அவர்களுக்கு என்ன அவசரம்?

சரி, உங்கள் மேஜைக்கு வருவோம்.

உங்கள் திரை 1440பி, ஏறத்தாழ 37 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் 83 லட்சம். 5090-இன் பலமெல்லாம் அந்த 83 லட்சத்தை நிரப்பும்போதுதான் வெளியே வரும். புள்ளிகள் குறையக் குறைய வேலை ப்ராசஸர் பக்கம் சாய்கிறது. 144 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு பிரேமுக்கு ஏழு மில்லிநொடிக்கும் குறைவான நேரம். அதற்குள் கேமின் தர்க்கம், பாத்திரங்களின் அசைவு, எதை வரைய வேண்டும் என்ற கட்டளைகள் எல்லாவற்றையும் ப்ராசஸர் முடித்துக் கொடுக்க வேண்டும். உங்கள் பழைய ஆறு கோர் ப்ராசஸர் பல கேம்களில் திணறும். அதன் பக்கத்தில் 5090-ஐ வைத்தால், கல்லும் மணலும் வந்து சேராத இடத்தில் பத்துக் கொத்தனார்களை நிறுத்திய கதைதான். கூலி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

இதை நம்ப வேண்டாம், இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். நீங்கள் அதிகம் விளையாடும் கேமைத் திறந்து, ஒரே இடத்தில் நின்று பிரேம் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தெளிவுத்திறனை 1080பி-க்கு இறக்குங்கள். எண்ணிக்கை நன்றாக ஏறினால் இதுவரை தடையாக இருந்தது கார்டு. அசையாமல் நின்றால் தடை ப்ராசஸர். எத்தனை ஆயிரம் டாலர் கார்டு போட்டாலும் அந்த எண் அங்கேயேதான் நிற்கும். கார்டின் பயன்பாட்டுச் சதவீதத்தையும் பாருங்கள். விளையாடும்போது எழுபது, எண்பது என்று அலைந்தால் கார்டு சும்மா இருக்கிறது என்று பொருள். சராசரியை மட்டும் பார்க்காமல் மிக மெதுவான ஒரு சதவீதப் பிரேம்களையும் பாருங்கள். நம் கண்ணை உறுத்துவது அந்தத் தடுக்கல்தான்.

ஒருவர் 4090 வாங்கி 1080பி திரையில் மாட்டிவிட்டு, "வித்தியாசமே தெரியவில்லை, கார்டு பழுது" என்று என்னிடம் கொண்டுவந்தார். கார்டு நன்றாகவே இருந்தது. அதைச் சொல்லி அனுப்புவதற்குத்தான் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

விளம்பர எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 ஜனவரியில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையில் நின்று, 549 டாலர் விலையுள்ள 5070, 4090-இன் வேகத்தைத் தரும் என்றார். கார்டு உண்மையிலேயே வரைந்த ஒவ்வொரு பிரேமுக்கும் இடையில் ஊகித்து உண்டாக்கும் மூன்று பிரேம்களையும் சேர்த்து எண்ணினால்தான் அந்தக் கணக்கு வரும். அவற்றை ஒதுக்கினால் 5070 நிற்பது 4070 சூப்பரின் பக்கத்தில். ஊகப் பிரேம்கள் பயனற்றவை என்று சொல்லவில்லை. காட்சி வழுக்கிக்கொண்டு ஓடுவது கண்ணுக்கு இதம். ஆனால் உங்கள் கை அசைவுக்குக் கேம் பதில் சொல்வது உண்மையான பிரேம்களின் வேகத்தில்தான். அறுபதை இருநூற்று நாற்பதாகக் காட்டினாலும் கைக்கு அது அறுபதாகவே இருக்கும், சில சமயம் அதைவிடச் சற்று மந்தமாகவும். நான் மதிக்கும் தொழில்நுட்பம் வேறு: குறைந்த புள்ளிகளில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ். தரமான நிலையில் வைத்தால் 4கே படத்துக்கு 1440பி அளவுக்குத்தான் கார்டு உழைக்கிறது. சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது கடினம். உங்கள் 3080-இலேயே அது ஓடும். உச்சக் கார்டுக்கான நியாயத்தை அதிகம் அரித்துத் தின்றது போட்டி நிறுவனம் அல்ல, என்விடியாவே செய்த இந்த வித்தைதான்.

ஆகவே கேமுக்காக மட்டும் என்றால், 1440பி திரைக்கு 5090 வேண்டாம். இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

இனி வேலை. இங்கேதான் தம்பி தோற்கத் தொடங்குகிறான். ரெண்டரிங் கேம் போல அல்ல. ப்ராசஸருக்காகக் காத்திருப்பது குறைவு, கோர்கள் எத்தனை இருக்கின்றனவோ அத்தனையும் வேலை செய்யும். பிளெண்டர் போன்ற மென்பொருளில் 5070 டிஐ உங்கள் 3080-ஐப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகம்; 5090 ஏறத்தாழ மூன்று மடங்கு. நீங்கள் சொன்ன ஒன்பது மணி நேர வேலை 5070 டிஐ-யில் ஆறு மணி நேரத்தில் முடியும், 5090-இல் மூன்று மணி நேரத்தில்.

பார்த்தவுடன் பணத்தை எண்ணத் தோன்றும். பொறுங்கள். இரவு பதினொரு மணிக்குப் போட்டால் 5070 டிஐ காலை ஐந்து மணிக்கு முடிக்கும், 5090 இரவு இரண்டு மணிக்கு முடிக்கும். நீங்கள் எழுவது எத்தனை மணிக்கு? உங்கள் பழைய 3080-கூட எட்டு மணிக்கு முடித்து வைத்துவிடும். இரவு இரண்டிலிருந்து காலை வரை அந்தக் கார்டு சும்மா கிடக்கும். தூங்கிக்கொண்டிருக்கும்போது மிச்சமான ஆறு மணி நேரத்துக்கு யாரும் உங்களுக்குக் காசு தரப்போவதில்லை.

பகல் நேரம் வேறு கதை. ஒளியை மாற்றுகிறீர்கள், ஒரு பிரேம் பார்க்க மூன்று நிமிடம் காத்திருக்கிறீர்கள், பொருளைக் கொஞ்சம் நகர்த்துகிறீர்கள், மறுபடி மூன்று நிமிடம். ஒரு நாளில் இப்படி நாற்பது முறை என்றால் இரண்டு மணி நேரம். மூன்று நிமிடம் ஒரு நிமிடமாகும்போது மிச்சமாவது உங்கள் விழித்திருக்கும் நேரம். காத்திருக்கும் இடைவெளியில் கைபேசியை எடுத்து, திரும்பி வரும்போது என்ன செய்துகொண்டிருந்தோம் என்று மறந்துபோவது எந்த அளவுகோலிலும் வராத இழப்பு. அதே போல, இரவில் போட்ட வேலை காலையில் தவறாக வந்து, அதே நாள் மாலைக்குள் திருத்திக் கொடுக்க வேண்டியிருந்தால் மூன்று மணி நேரம் என்பது வாடிக்கையாளரைக் காப்பாற்றும்.

எனவே அடுத்த இரண்டு வாரங்கள் ஒரு நோட்டை மேஜையில் வையுங்கள். ரெண்டரிங்குக்காக விழித்தபடி காத்திருந்த நிமிடங்களை மட்டும் எழுதுங்கள். இரவு கணக்கில் வராது. மாதத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கூட்டி, 5070 டிஐ-யில் அது மூன்றில் இரண்டாகும், 5090-இல் மூன்றில் ஒன்றாகும் என்று வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் உள்ள இடைவெளியை உங்கள் ஒரு மணி நேர வருமானத்தால் பெருக்குங்கள். இரண்டு கார்டுகளுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை அது ஒரு வருடத்துக்குள் திருப்பித் தருமென்றால் 5090 வாங்குவது ஆடம்பரம் இல்லை. மூன்று வருடம் ஆகும் என்றால் வேண்டாம். அதற்குள் அடுத்த தலைமுறை வந்துவிடும்.

எடிட்டிங் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே உச்சியில் இருப்பதைவிடப் புதியதாக இருப்பதுதான் முக்கியம். உங்கள் 3080-இல் வீடியோவை வெளியே எழுதும் என்கோடர் ஒன்று, அதுவும் ஏவி1 என்ற புதிய வீடியோ வடிவம் அறியாதது. 5070 டிஐ-யில் இரண்டு, 5090-இல் மூன்று. பல கேமராக்கள் வண்ண விவரத்தைக் கூடுதலாகச் சேர்த்துப் பதிவு செய்யும் 4:2:2 வகைக் காட்சிகளைக் கையாளும் வசதி இந்தத் தலைமுறைக் கார்டுகளில்தான் என்விடியா சேர்த்தது. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது தெரியும் வித்தியாசம் இரண்டிலிருந்து மூன்றுக்குத் தெரியாது.

நினைவகத்தை மறந்துவிடாதீர்கள். வேகம் குறைந்தால் காத்திருக்கலாம். நினைவகம் போதாவிட்டால் காத்திருந்தும் பயன் இல்லை. காட்சியில் இருக்கும் மரங்கள், துணிகள், படங்கள் எல்லாம் சேர்ந்து 10 ஜிபியைத் தாண்டினால் மென்பொருள் கணினியின் சாதாரண நினைவகத்தைக் கடன் வாங்கி நத்தை வேகத்தில் ஓடும், அல்லது பிழைச் செய்தியோடு நின்றுவிடும். 2017-இல் 699 டாலருக்கு வந்த 1080 டிஐ-யில் 11 ஜிபி இருந்தது. மூன்றரை ஆண்டுகள் கழித்து அதே 699 டாலருக்கு வந்த உங்கள் 3080-இல் 10 ஜிபி! இதை எப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வரும். 1080 டிஐ-யை மனிதர்கள் இத்தனை ஆண்டுகள் கட்டிக்கொண்டு அழுததற்கு அந்த 11 ஜிபியும் ஒரு காரணம். 5070 டிஐ-யிலும் 5080-இலும் 16 ஜிபி, 5090-இல் 32. உங்கள் காட்சிகள் இப்போது எவ்வளவு நினைவகம் எடுக்கின்றன என்று பாருங்கள். 12, 13 ஜிபிக்குள் முடிந்தால் 16 தாராளம். 20 ஜிபிக்கு மேல் போகும் வேலைகளை ஒப்புக்கொள்ளும் எண்ணம் இருந்தால், அல்லது செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைச் சொந்தக் கணினியில் ஓட்டப்போகிறீர்கள் என்றால், மேலே சொன்ன பிரேம் கணக்கையெல்லாம் தூக்கிப்போடுங்கள். அப்போது 5090 தரும் வேகம் உபரி. நீங்கள் வாங்குவது அந்த 32 ஜிபியை. 5080-ஐ நான் பரிந்துரைக்கத் தயங்குவதும் இதனால்தான்: கூடுதலாக 250 டாலர் வாங்கிக்கொண்டு ஒரு ஜிபிகூடச் சேர்த்துத் தரவில்லை.

கார்டின் விலையோடு செலவு நிற்காது. 5090 எடுப்பது 575 வாட். அதற்கு 1,000 வாட் பவர் சப்ளை வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது. 5070 டிஐ-க்கு உங்களிடம் உள்ள 750 வாட் போதும். பெட்டியில் இடம் இருக்கிறதா என்று அளக்க வேண்டும். மற்ற நிறுவனங்கள் செய்யும் 5090 கார்டுகளில் சில, கார்டு செருகும் இடுக்குகளில் மூன்றரையின் இடத்தை அடைத்துக்கொள்ளும். மின்கட்டணத்தைச் சொல்லிப் பலர் பயமுறுத்துவார்கள், அந்தப் பயம் தேவையில்லை. 575 வாட்டில் மூன்று மணி நேரம் ஓடினால் 1.7 யூனிட், 300 வாட்டில் ஆறு மணி நேரம் ஓடினால் 1.8 யூனிட். செலவு ஒன்றுதான். உங்கள் 3080 அதே வேலைக்கு 2.9 யூனிட் குடிக்கிறது. வெப்பம்தான் வேறு: சிறிய அறை ஹீட்டர் ஒன்றை மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டு பகலில் வேலை செய்ய முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நண்பர் சொன்ன ஏழெட்டு ஆண்டுக் கதைக்கு வருகிறேன். 2018-இல் 2080 டிஐ வாங்கியவர்கள் 999 முதல் 1,199 டாலர் வரை கொடுத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் கிட்டத்தட்ட அதே வேகத்தை 499 டாலர் 3070 கொடுத்தது. அவசர அவசரமாகப் பழையதை விற்றவர்கள் உண்டு. பிறகு தட்டுப்பாடு வந்து புதியதும் கிடைக்காமல் கையைப் பிசைந்ததும் உண்டு. 2022-இல் 4090 வாங்கியவர்களோ இன்றும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த தலைமுறையின் 5080-கூட அதை முந்தவில்லை. பழைய கார்டாக விற்றாலும் நல்ல விலை போகிறது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். நீங்கள் வாங்கப்போவது 2080 டிஐ-யா, 4090-ஆ என்பது வாங்கும் நாளில் யாருக்கும் தெரியாது. தெரிந்தது இது: 1,999 டாலரில் 749 போனால் மிச்சம் 1,250. நான்கு ஆண்டுகள் கழித்து அந்தப் பணத்தில் இன்னொரு நல்ல கார்டு வாங்கலாம், அதில் அன்றைய புதிய என்கோடரும் இருக்கும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2021-இல் இந்தக் கார்டுகளை ஓட்டிக் கிரிப்டோ நாணயம் ஈட்டும் சுரங்கக்காரர்கள் சந்தையைத் துடைத்து எடுத்துக்கொண்டிருந்தபோது, கையில் இருந்த ஒரு பெரிய ரெண்டரிங் வேலைக்காக 3090 ஒன்றை அறிவித்த விலையைப் போல இரு மடங்கு கொடுத்து வாங்கினேன். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிச் சுரங்க வேலையை நிறுத்தியது. பழைய கார்டுகள் வந்து குவிந்தன, நான் வாங்கியதன் மதிப்பு மூன்றில் ஒன்றானது. ஆனாலும் அதை நினைத்து நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. நான்கு மாத வேலையில் அது தன் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. அதே மாதம், அதே மூச்சில், வீட்டில் விளையாடுவதற்கென்று இன்னொரு கார்டும் கூடுதல் விலைக்கு வாங்கினேன். அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

உங்கள் இடத்தில் இருந்தால் நான் 5070 டிஐ வாங்குவேன், மிச்சத்தில் ஒரு பகுதியை எட்டுக் கோர் ப்ராசஸருக்கும் அதற்கேற்ற மதர்போர்டுக்கும் ஒதுக்குவேன். உங்கள் கேம்களில் தெரியும் மாற்றத்தில் பெரும்பங்கு அந்த ப்ராசஸரில் இருந்து வரலாம். இரண்டு வார நோட்டுக் கணக்கு வேறு மாதிரி சொன்னால், அல்லது காட்சிகள் 16 ஜிபியை முட்டினால், தயங்காமல் 5090-க்குப் போங்கள், தம்பியிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள். 9070 எக்ஸ்டி-யையும் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். கேமுக்கு அருமையான கார்டு, விலையும் குறைவு. ஆனால் நீங்கள் சோறு தின்பது ரெண்டரிங்கில். அங்கே என்விடியா இன்னும் முன்னால் இருக்கிறது.

எதை வாங்கினாலும் ஒன்று. இந்தக் கார்டுகளுக்கு மின்சாரம் கொடுக்கும் புதிய பதினாறு ஊசி இணைப்பு முழுதாக உள்ளே போகாமல் உருகிப்போன சம்பவங்கள் 2022-இலிருந்தே வந்துகொண்டிருக்கின்றன. என் மேஜைக்கும் கருகிய நிலையில் இரண்டு வந்தன. செருகியை இடைவெளி தெரியாத அளவுக்கு அழுத்துங்கள். கேபிளைச் செருகியின் கழுத்திலேயே மடக்காமல், இரண்டு விரல் தூரம் நேராக விட்டுப் பிறகு வளையுங்கள். பெட்டியின் பக்கக் கதவை மூடும்போது அது கேபிளை நெருக்கினால், கார்டை மாற்ற வேண்டாம், பெட்டியை மாற்றுங்கள்.